சூறாவளி வருமுன் கீழ்க்கரைக் கமக்காரர் ஆற்றவேண்டிய பணிகள்

இலங்கையின் கிழக்குக் கரையிலும் வடகிழக்குக் கரையிலும் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரருக்கு வடகீழ்ப் பருவமழையே வாழ்வளிப்பது. பெரும்போக நெல்லுக்கு நீர் தருவதும், குளங்களை நிரப்புவதும், தோட்டக் கிணறுகளில் நன்னீர் ஊறச் செய்வதும் அம்மழையே. ஆனால், அம்மழை பொழியும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலேதான் வங்காள விரிகுடாவில் தோன்றும் சூறாவளிகளும் பெரும்பாலும் இக்கரையை நோக்கி வருகின்றன. கமக்காரர் கடன்பட்டு உழுது விதைத்து உரமிட்டு, கைப்பணம் யாவற்றையும் நிலத்திற் போட்டுவிட்டு நிற்கும் காலமும் அதுவே. ஆதலால், கரையோரக் கமத்தொழிலில் சூறாவளிக்கு ஆயத்தஞ் செய்தல் உழவையும் விதைப்பையும் போன்று ஆண்டுதோறும் செய்யவேண்டிய பணிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படல் வேண்டும்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி திருகோணமலைப் பகுதியையும் வடபுலத்தையும் தாக்கிய சூறாவளி, மன்னார்ப் பக்கமாகக் கடலைக் கடந்து அன்றிரவே தனுஷ்கோடிப் பட்டினத்தை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகையிரதம் பயணிகளோடு கடலால் அடித்துச் செல்லப்பட்டதும் அவ்விரவிலேதான். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியால் இலங்கையில் 900 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதி ஓரிரவிலே வீழ்ந்தது. அதன்பின், 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஒரு சூறாவளி திருகோணமலைக் கரையைக் கடந்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையால் உட்புகுந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வாச் சூறாவளியோ காற்றினும் மழையாலேயே பெருங்கேடு விளைத்தது. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நாட்டிற் பல நூறு பேர் மாண்டனர்.

இவ்வாண்டுகளை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். 1978க்கும் 2000க்கும் இடையே 22 ஆண்டுகள் சென்றன. மட்டக்களப்பிலே இன்று வயலை நடத்தும் நாற்பது வயதுக் கமக்காரர் 1978இற் பிறந்திருக்கவில்லை. தந்தையார் கண்டதை மைந்தர் கதையாகவே கேட்டுள்ளனர். பல முறை எச்சரிக்கை வந்து, காற்று வேறு திசையிற் சென்றுவிட்டதையும் அவர்கள் கண்டுள்ளனர். ஆகவே அடுத்த எச்சரிக்கை வரும்போது, "இதுவும் போய்விடும்" என்று எண்ணுதல் மனித இயல்பே. அவ்வெண்ணமே சூறாவளியைவிடக் கொடியதாகலாம்.

சூறாவளியின் இயல்பு

சூறாவளி என்பது வெப்பமான கடல்மீது தோன்றும் தாழமுக்கம் வலுப்பெற்றுச் சுழலும் பெருங்காற்றாகும். கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேற்படும்போது எழும் நீராவியே அதற்கு உணவு. தரையை அடைந்ததும் அவ்வுணவு அற்றுப்போவதால் காற்று படிப்படியாகத் தளரும். ஆயினும் மழை உள்நாடெங்கும் தொடரும். காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீற்றரை எட்டும்போது அது சூறாவளி எனப் பெயர் பெறும்; 89 கிலோமீற்றரை எட்டும்போது கடுஞ் சூறாவளியாகும்.

காற்றின் வேகம் இரட்டிக்குமாயின் அது ஒரு பொருளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதைக் கமக்காரர் நினைவிற் கொள்ளல் வேண்டும். 60 கிலோமீற்றர்க் காற்றைத் தாங்கிய கிடுகுக் கூரை 120 கிலோமீற்றர்க் காற்றையும் தாங்கும் என்று எதிர்பார்த்தலாகாது.

நம் பக்கத்திற் சூறாவளி இடஞ்சுழியாக, அஃதாவது மணிக்கூட்டு முள் செல்லும் திசைக்கு எதிராகச் சுழலும். கிழக்கிலிருந்து மேற்கே வரும் சூறாவளியின் நடுப்பகுதிக்கு வடக்கேயுள்ள கரையிற் காற்றுக் கடலிலிருந்து தரைநோக்கி வீசும். ஆகையால் கடற்பெருக்கு அப்பக்கத்திலேயே மிகும். நடுப்பகுதிக்குத் தெற்கேயுள்ள கரையிற் காற்றுத் தரையிலிருந்து கடல்நோக்கி வீசுவதால் பெருக்குக் குறையும். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பவரின் இடக்கைப் பக்கத்திலேயே சூறாவளியின் நடுப்பகுதி உள்ளது என்பது கடலோடிகள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட விதி.

பருவமழை தொடங்குமுன்

ஆயத்தப் பணிகளுட் சில, எச்சரிக்கை வந்தபின் செய்ய இயலாதவை. அவற்றை ஒற்றோபர் மாதத்திற்கு முன்னரே முடித்துக்கொள்ளல் நன்று.

முதலாவது, வடிகால். வயலின் வடிவாய்க்காலிலே புல்லும் சேறும் நிறைந்திருப்பின், பத்து அங்குல மழையும் வரம்பை உடைத்துக்கொண்டே வெளியேறும். ஒரு வட்டையிலுள்ள கமக்காரர் யாவரும் ஒருநாளிற் கூடிச் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்குதல் வேண்டும். மேலேயுள்ளவர் வெட்டிக் கீழேயுள்ளவர் வெட்டாதுவிடின் வெள்ளம் கீழேயுள்ளவர் வயலிலேயே தங்கும்.

இரண்டாவது, ஒதுக்கு விதை. நெல்லை வீசி விதைப்பதற்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல் விதை வேண்டும். ஐந்து ஏக்கர் விதைப்பவர் பத்துப் புசலையும் விதைத்துவிட்டு வெறுங்கையுடன் நிற்றலாகாது. பாதி நிலத்துக்கேனும் போதிய விதையை, அதாவது ஐந்து புசலை, ஒதுக்கி வைத்தல் வேண்டும். அவ்வொதுக்கு, குறுகிய வயதுடைய இனமாக இருத்தல் நன்று. சூறாவளிக்குப்பின் மறுபடி விதைக்க நேரின் மூன்றரை மாத இனத்துக்குக் காலம் போதாது. மூன்று மாத இனமாகிய பிஜி 300, இரண்டரை மாத இனமாகிய பிஜி 250 போன்றவையே கைகொடுக்கும். வாவியையும் கடலையும் அடுத்த தாழ்நிலங்களுக்கு உவரைத் தாங்கும் ஏரி 354 இனம் ஏற்றது.

மூன்றாவது, காற்றுத்தடை. தோட்டத்தின் கடற்புறத்திலே பனை, சவுக்கு, பூவரசு, கிளுவை முதலியவற்றை நிரையாக வளர்த்தல் வேண்டும். ஒரு மரநிரை தன் உயரத்தின் ஏறக்குறைய பத்து மடங்கு தூரம்வரை காற்றின் வேகத்தைக் குறைக்க வல்லது. ஆனால், மதிலைப்போல் முற்றாக அடைத்த தடை நன்றன்று. அதன்மேலேறிய காற்று மறுபுறத்திற் சுழன்று வீழ்ந்து பயிரைக் கெடுக்கும். காற்றிற் பாதியளவு ஊடுருவிச் செல்லக்கூடிய நிரையே சிறந்தது. வாவிக்கரையிலுள்ள கண்டற் காட்டை விறகுக்காக வெட்டுவோர், தம் வயலின் வேலியையே வெட்டுகின்றனர் என்பதை உணரல் வேண்டும்.

நான்காவது, பத்திரங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சீட்டு, வங்கிப் புத்தகம், அடையாள அட்டை ஆகியவற்றை ஒரே பொலித்தீன் உறையிலிட்டு, வீட்டிலுள்ள யாவரும் அறிந்த ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். விதைத்த பரப்பளவைக் கமநல சேவை நிலையத்திற் பதிவு செய்யாதவர் பின்னர் இழப்பைக் காட்ட வழியறியாது அலைய நேரும்.

எச்சரிக்கை வந்தபின்: வயலிற் செய்யவேண்டியவை

வளிமண்டலவியல் திணைக்களம் விரிகுடாவிலே தாழமுக்கம் தோன்றிய நாள் முதலாகவே அறிவித்தல் விடுக்கும். சூறாவளி கரையை அடைவதற்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் பெரும்பாலும் கிடைக்கும். அந்த அவகாசத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதிலேயே இழப்பின் அளவு தங்கியுள்ளது.

உதாரணமாக, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிற் குடியிருந்து, மேற்கே படுவான்கரையில் ஐந்து ஏக்கர் வயல் செய்யும் ஒரு கமக்காரரைக் கொள்ளலாம். வீட்டைச் சுற்றி அரை ஏக்கரில் மிளகாய், கத்தரி, பயிற்றை, சில வாழைகள், வயலருகே ஒரு வாடி, நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று, பசுக்கள் நான்கு. மனைவியும் பிள்ளைகளும் வயோதிபத் தாயாரும் வீட்டில். வயலுக்கும் வீட்டுக்குமிடையே வாவியும் தாம்போதிகளும் உள்ளன. இத்தகையோர் இம்மாவட்டத்திற் பலராவர். அவர் முதலில் எங்கே செல்லவேண்டும் என்பதே வினா.

விடை: முதல் நாளிலே வயலுக்கு, இரண்டாம் நாள் நண்பகலுக்குள் வீட்டுக்கு. கடைசி நாளில் வாவியைக் கடந்து வயலுக்குச் செல்லும் எண்ணமே வேண்டா.

வயலில் முதலிற் கவனிக்கவேண்டியது வரம்பு. நண்டு, எலி வளைகளைச் சேற்றால் அடைத்து, மெலிந்த இடங்களை உயர்த்துதல் வேண்டும். உள்நாட்டு வயல்களில் வக்கடைகளைத் திறந்து, நிற்கும் நீரைக் குறைத்து, வரும் மழை இழைந்து செல்ல வழிசெய்தல் வேண்டும். வக்கடையின் வாயில் வைக்கோற்புரியும் மண்மூட்டையும் இட்டால் மண் அரித்துச் செல்லாது. வாவியை அல்லது கடலை அடுத்த வயல்களிலோ வேறு முறை கையாளப்படல் வேண்டும். அங்கே வாவிப்பக்க வாய்களை அடைத்து, வயலில் நன்னீரை நிறுத்திவைத்தல் நன்று. காய்ந்த மண்மீது ஏறும் உவர்நீர் உள்ளே இறங்கிவிடும். நன்னீரால் நிறைந்த மண்ணில் அது எளிதில் இறங்காது.

யூரியாவோ வேறு பசளையோ இவ்வேளையில் இடுதல் பணத்தை வெள்ளத்தில் இடுதலாகும். கிருமிநாசினியோ களைநாசினியோ தெளித்தலுங் கூடாது. மீதியுள்ள பசளை மூட்டைகளையும் நாசினிப் போத்தல்களையும் வாடியில் விட்டுவிடாது மேட்டிடத்துக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். வெள்ளம் அவற்றைக் கிணற்றிலே சேர்த்தால் ஊரே குடிநீரிழக்கும்.

முதிர்ந்த கதிர் எங்கேனும் நிற்குமாயின், பச்சைமணி சிறிது இருப்பினும் வெட்டி அடித்துவிடுதல் நன்று. சாய்ந்து நீரிற் கிடக்கும் கதிர் சில நாட்களிலே முளைத்துவிடும்.

குளத்துக் கட்டைத் தனியாட்கள் வெட்டுதல் எக்காரணங் கொண்டும் கூடாது. 1957ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் வரண்ட வலயத்துக் குளங்கள் பல உடைந்தன. கட்டு உடைந்த குளத்தின் கீழுள்ளவர்கள் அப்போகத்தை மட்டுமன்றி அடுத்த சிறுபோகத்துக்கான நீரையும் இழப்பர். கட்டிலே நீர்க்கசிவோ வெடிப்போ காணப்பட்டால், உடனே கமக்காரர் அமைப்புக்கும் நீர்ப்பாசன உத்தியோகத்தருக்கும் அறிவித்தல் வேண்டும். துருசையும் வானையும் எப்பொழுது திறப்பதென்பதை அவர்களே தீர்மானிப்பர். வான் பாயும்போது கீழேயுள்ள தாம்போதிகளிற் போக்குவரத்து நின்றுவிடும் என்பதையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மரக்கறித் தோட்டத்திற் செய்யவேண்டியவை

பறிக்கக்கூடிய காய்கள் யாவற்றையும் பறித்துவிடுதல் முதற் பணி. சந்தையில் விலை குறைந்தாலும் கிடைக்கும் பணம் கைக்குள் இருக்கும். காற்றுக்குப்பின் சில வாரங்களுக்கு அதுவே வீட்டுச் செலவுக்கு உதவும். மிளகாய் பழுக்குமட்டும் காத்திராது பச்சையாகவே பறிக்கலாம்.

பாத்திகளுக்கிடையே ஓரடி ஆழத்துக்குக் கான் வெட்டி, அக்கான்களை ஒரு பெருங் கானுடன் இணைத்தல் வேண்டும். மிளகாயும் கத்தரியும் வேர்ப்பகுதியில் ஒருநாள் நீர் நின்றாலே வாடத் தொடங்கும். செடியின் அடியில் மண்ணணைத்தால் காற்றில் ஆடி வேரறுவது குறையும். பயிற்றை, பாகல், புடோல் பந்தல்களின் மூலைக் கால்களை நாற்புறமும் கயிற்றால் இழுத்து முளையிற் கட்டுதல் வேண்டும்.

வாழையின் முதிர்ந்த குலைகளை வெட்டிவிடல் வேண்டும். இளங்குலை தாங்கியவற்றுக்கு இரண்டு கவர்க்கால் கொடுத்து, கீழிலைகளை அரிந்துவிட்டால் காற்றுப் பிடிக்கும் பரப்புக் குறையும். மரவள்ளியின் தலைப்பகுதியை அரைவாசிக்கு வெட்டிவிட்டால் தடி சாய்ந்து கிழங்கு மண்ணிலிருந்து பெயராது. வெட்டிய தடிகளை நடுகைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டருகேயுள்ள தென்னைகளிலிருந்து முற்றிய தேங்காய்களையும் காய்ந்த மட்டைகளையும் பாளைகளையும் இறக்கிவிடல் வேண்டும். கடுங்காற்றில் ஒரு தேங்காய் பீரங்கிக் குண்டுக்குச் சமானம்.

நாற்றுமேடை உள்ளவர் நாற்றுக்களிற் சிலவற்றைப் பெட்டிகளிலோ பழைய தகரங்களிலோ மண்ணுடன் எடுத்து வீட்டினுள் வைத்தல் வேண்டும். விதைகளைப் போத்தலிலிட்டு வாயை மெழுகால் அடைத்துக் காத்தல் வேண்டும். வடபுலத்திலே விதை வெங்காயத்தைப் பிடிகளாகக் கட்டிக் கூரையின் கீழ்த் தொங்கவிடுதல் வழக்கம். கூரை போகுமாயின் விதையும் போகும். ஆகையால் அதனை இறக்கி, ஓட்டுக் கூரையோ சீமெந்துக் கூரையோ உள்ள கட்டடமொன்றுக்கு மாற்றுதல் அவசியம்.

நெல், இயந்திரம், கால்நடை

வீட்டிலுள்ள உணவு நெல்லையும் ஒதுக்கு விதையையும் இரண்டு பொலித்தீன் உறைகளிலிட்டு இறுகக் கட்டி, மேசைமேலோ பரணிலோ வைக்கலாம். கூரை உறுதியற்றதாயின் பரணைவிட அயலிலுள்ள கல்வீடே மேல். எல்லா விதையையும் ஒரே இடத்தில் வைத்தலும் கூடாது. இரண்டு பங்காக்கி இரண்டு வீடுகளில் வைத்தால் ஒன்று நனைந்தாலும் மற்றையது மிஞ்சும்.

நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றடியிலிருந்து கழற்றி, எண்ணெய்த் தாங்கியை மூடி, உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும். உழவு இயந்திரத்தை மரத்தின் கீழ் நிறுத்துதல் கூடாது. திறந்த மேட்டு நிலத்தில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் அண்டைகொடுத்தல் போதும்.

மாடு ஆடுகளை ஒருபோதும் கட்டையிற் கட்டியபடி விட்டுச் செல்லலாகாது. கட்டப்பட்ட கால்நடை வெள்ளத்தில் நின்ற நிலையிலேயே மாளும். அவிழ்த்துவிடப்பட்டது பெரும்பாலும் மேட்டைத் தேடிச் செல்லும். தொழுவத்தின் கூரைக்கீழ் அடைத்தலும் ஆபத்தே. முதல் நாளிலேயே அவற்றை மேட்டு மேய்ச்சற்றரைக்கு ஓட்டிச்சென்று, கன்றுகளைத் தாயுடன் சேர்த்து விடுதல் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டிய வைக்கோலைப் படங்கால் மூடி மேட்டிலே வைத்தல் பயன்தரும்.

மக்கள் வெளியேறும் வேளை

மேற்கூறிய பணிகள் முடிந்தாலும் முடியாவிட்டாலும், வெளியேறுமாறு கிராம உத்தியோகத்தரோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தினரோ அறிவித்ததும் கமக்காரர் கருவியைக் கீழே வைத்துவிடல் வேண்டும். வயலிலே எஞ்சிய ஒரு வரம்புக்காகவோ அவிழாத ஒரு மாட்டுக்காகவோ திரும்பிச் செல்வோர், தாம்போதியில் இடுப்பளவு ஓடும் நீரைக் கடக்க முயன்று உயிரிழப்பதுண்டு. முழங்காலளவு நீராயினும் வேகமாக ஓடுமாயின் வளர்ந்த ஆணின் காலையும் வாரிவிடும்.

வாடியில் தங்கிக் காவல் செய்வோரை நோக்கியே இவ்வெச்சரிக்கை முதன்மையாகக் கூறப்படுகின்றது. வாடி என்பது நாலு கம்பும் சில கிடுகுகளுமே. பன்றிக்கும் யானைக்கும் காவலிருக்கும் பழக்கத்தால் காற்றுக்கும் காவலிருக்கலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். வீட்டிலுள்ளோர் தொலைபேசியில் அழைத்தும், "நெல்லை விட்டுவிட்டு எப்படி வருவது?" என்று மறுப்போரும் உளர். நகையை ஈடுவைத்து விதைத்த வயலை விட்டுவர மனமிராது என்பது உண்மையே. ஆனால் வாடியிலிருக்கும் மனிதர் ஒருவர் சூறாவளியிலிருந்து ஒரு நெற்கதிரையும் காத்துவிட இயலாது. அவர் வீட்டில் இருந்தால் தாயாரையும் பிள்ளைகளையும் நேரத்துடன் பாடசாலைக் கட்டடத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ கொண்டுசேர்க்க இயலும். அன்றிரவில் அவரால் ஆகக்கூடிய வேலை அது ஒன்றே.

எடுத்துச் செல்லவேண்டியவை: பத்திரங்கள் அடங்கிய உறை, மூன்று நாளுக்கு வேண்டிய குடிநீர், அவல், பொரிமா போன்ற சமைக்கவேண்டாத உணவு, நோயாளரின் மருந்து, மின்சூள், மின்கலத்தால் இயங்கும் வானொலி, போர்வை, கத்தியும் கயிறும். வீட்டை விட்டு நீங்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, அடுப்பை அணைத்தல் வேண்டும். உதவி தேவைப்படின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பொய்யான அமைதி

சூறாவளியின் நடுப்பகுதி ஓர் ஊரின் மேலாகவே செல்லுமாயின் விந்தையான ஒன்று நிகழும். வடக்கிலிருந்து வெறிகொண்டு வீசிய காற்றுச் சடுதியாக நின்றுவிடும். மழை விடும், சில வேளை விண்மீன்களுந் தெரியும். இதுவே சூறாவளியின் கண். இவ்வமைதி சில நிமிடங்களோ ஒரு மணித்தியாலம் வரையோ நீடிக்கலாம். அதன்பின் அதே வேகத்துடன் காற்று எதிர்த்திசையாகிய தெற்கிலிருந்து தாக்கும். முதற் காற்றில் தளர்ந்த சுவரும் மரமும் இரண்டாங் காற்றில் வீழும். அமைதி வந்ததென்று மாட்டைப் பார்க்கவும் கூரைத் தகரத்தைப் பொறுக்கவும் வெளியே சென்றோர் இந்த இரண்டாங் காற்றில் அகப்படுவர். வானொலியோ உத்தியோகத்தரோ சூறாவளி கடந்துவிட்டதெனக் கூறும்வரை எவரும் வெளியேறலாகாது.

காற்றுக்குப்பின் வயலும் தோட்டமும்

வெளியே வந்ததும் அறுந்து கிடக்கும் மின்கம்பிகளைத் தொடாது விலகிச் செல்லல் வேண்டும். வெள்ளத்தாற் பாம்புகள் வரம்பிலும் வீட்டினுள்ளும் ஏறியிருக்கும். தடியால் தட்டியே நடத்தல் நன்று. வெள்ளத்துக்குப் பிந்திய வாரங்களில் வயலில் இறங்குவோரை எலிக்காய்ச்சல் பற்றிக்கொள்ளும். காலிற் புண்ணுள்ளோர் சேற்றில் இறங்காதிருத்தலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை கேட்டுப் பெறுதலும் வேண்டும்.

வயலைப் பொறுத்தவரை முதல் வேலை நீரை வடித்தல். இளநெல் இரண்டு மூன்று நாள் மூழ்கினாலும் பிழைக்கும். ஒரு வாரத்துக்கு மேல் கலங்கல் நீரில் முற்றாக மூழ்கினால் பெரும்பாலும் அழுகும். நீர் வடிந்தவுடன் பயிர் மஞ்சளாகக் கிடப்பதைக் கண்டு உழுதுவிடுதல் அவசரச் செயலாகும். சில செடிகளைப் பிடுங்கி அடித்தண்டைப் பார்த்தல் வேண்டும். அது வெண்மையாயும் உறுதியாயும் இருப்பின் செடிக்கு உயிருண்டு. ஐந்து முதல் ஏழு நாளில் புதுவிலை விடும். புதுவிலை கண்டபின்னரே யூரியாவும் பொட்டாசும் சிறிதளவில் இடலாம். நெருக்கமான இடத்துச் செடிகளைப் பெயர்த்து வெற்றிடங்களில் நட்டு நிரப்பலாம். பாதிக்குமேல் அழிந்துவிட்டால், ஒதுக்கி வைத்த குறுவயது விதையை விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையுடன் விதைக்கலாம். முன்னரே விதை ஒதுக்கியவருக்கும் ஒதுக்காதவருக்கும் உள்ள வேறுபாடு அப்பொழுது வட்டை முழுவதும் கண்கூடாகத் தெரியும்.

உவர்நீர் ஏறிய வயலில் அந்நீரை முதலில் வெளியேற்றி, பின்வரும் மழைநீரைக் கட்டி இரண்டு மூன்று நாள் நிறுத்தி வடித்தல் வேண்டும். இதனைப் பலமுறை செய்தால் உப்புக் கரைந்து கீழிறங்கும். மண்ணைக் கமநல சேவை நிலையத்தின் மூலமாகச் சோதிப்பித்தபின் விதைத்தல் நன்று.

நனைந்த நெல்லை மூட்டையிலே வைத்திருந்தால் இரண்டு நாளிற் சூடேறி முளைக்கும். வெயிலில்லாவிடினும் காற்றோட்டமான இடத்தில் மெல்லிதாகப் பரப்பி அடிக்கடி கிளறுதல் வேண்டும். உலர்த்த வழியில்லையாயின் உடனே புழுக்கிவிடுதல் இழப்பைக் குறைக்கும்.

மிளகாய், கத்தரிச் செடிகள் சாய்ந்திருப்பின் நிமிர்த்தி மண்ணணைத்து, முறிந்த கிளைகளை வெட்டிவிடலாம். அழிந்த பாத்திகளிலே கீரை, முள்ளங்கி, பயிற்றை போன்று விரைவிற் பயன்தரும் பயிர்களை இட்டால் ஒரு மாதம் முதல் இரண்டு மாதத்துக்குள் வீட்டுக்கு உணவும் கைக்குச் சிறிது காசும் கிடைக்கும்.

கிணற்றில் உப்புநீர் புகுந்திருப்பின், அதனை ஒரே நாளில் முற்றாக இறைத்து வற்றச் செய்தல் தவறு. கரையோர மணல்நிலத்திலே நன்னீர் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகவே மிதக்கின்றது. அளவுக்குமிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி சுனாமிக்குப்பின் கீழ்க்கரைக் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தபோது இது அனுபவத்தில் அறியப்பட்டது. சேற்றையும் அழுக்கையும் அகற்றுமளவுக்கு மெதுவாக இறைத்து, எஞ்சியதை மழைக்கு விட்டுவிடல் வேண்டும். அதுவரை அக்கிணற்று நீரைக் குடிக்கலாகாது. உப்பு ஏறாத கிணறாயினும், குளோரின் இட்டுச் சுகாதார உத்தியோகத்தர் அனுமதித்தபின் கொதிக்கவைத்தே குடித்தல் வேண்டும்.

இழப்பைத் துப்புரவாக்கி மறைத்துவிடுமுன் கமநல சேவை நிலையத்துக்கும் காப்புறுதி உத்தியோகத்தருக்கும் அறிவித்து, வயலைப் பார்வையிடச் செய்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் நிழற்படம் எடுத்து வைத்தலும் சான்றாக உதவும்.

இப்பணிகளுள் எதுவும் பெருஞ் செலவை வேண்டுவதன்று. வாய்க்காலை வெட்டுதலும், ஐந்து புசல் விதையை ஒதுக்குதலும், பத்திரங்களை ஓர் உறையிலிடுதலும், எந்தக் கட்டடத்துக்குச் செல்வதென்று வீட்டாருடன் பேசி முடிவுசெய்தலும் ஒற்றோபர் மாதத்தில் ஓரிரு நாளில் ஆகக்கூடியவை. கமக்காரர் அமைப்பின் பருவகாலக் கூட்டத்திலே விதைப்புத் திகதியைத் தீர்மானிக்கும்போதே இவற்றையும் தீர்மானித்து, வட்டையில் வாடியிற் தங்குவோரின் பெயர்களை எழுதிவைத்து, எச்சரிக்கை நாளில் அவர்களை அழைத்துவருவதற்கு இருவரைப் பொறுப்பாக நியமித்தல் நன்று. எல்லாரும் வந்து சேர்ந்தனரா என்று இரவு தொடங்குமுன் அப்பட்டியலைக் கொண்டு எண்ணிப் பார்த்தல் அவ்விருவரின் கடமையாகும்.